மீனுக்குத் தொக்கம்

மீனுக்குத் தொக்கம் எடுக்க பஸ் ஏறிப் போன பெண் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (இன்னொருத்தி இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எனக்கும் கொஞ்சம் மனசு ஆறும்.)

தொக்கம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குழந்தை சோறு இறங்காமல் துப்பிக்கொண்டே இருந்தால், எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போவதற்கு முன்னால் தொக்கம் எடுக்கிறவரிடம்தான் போவோம். தின்றது எதுவோ தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அவர் விளக்கெண்ணெய் தடவித் தொண்டையை நீவிவிடுவார். காதுக்குள் ஊதுவார். சிக்கியது வாய்க்கு வந்துவிடும். பிள்ளை அன்றைக்கு மத்தியானமே தட்டு நிறையச் சாப்பிடும். சின்ன வயதில் எனக்கும் எடுத்திருக்கிறார்கள். வந்தது புளியங்கொட்டைத் தோல் என்றார்கள். நான் புளியங்கொட்டை தின்றதாக ஞாபகமே இல்லை. தின்னவில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை.

நான் ஆறாவதோடு நின்றவள். படிக்காததால்தான் இப்படிச் செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கூட வந்த மாமா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். யோசனையே அவருடையதுதான்.

மீன் என் அண்ணனுடையது. அண்ணன் மினி லாரி ஓட்டினான். எங்கள் மலைமேல் அரியூர் நாட்டுப் பக்கம் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கி, ஜவ்வரிசி மில்லில் கொட்டிவிட்டு வருவான். திரும்பும்போது மற்ற டிரைவர்கள் வீட்டுக்கு மிக்சர் பொட்டலம் வாங்கி வருவார்கள். என் அண்ணன் ஒருநாள் சட்டைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்ப் பையை எடுத்தான். அதற்குள் மீன்.

"எதுக்குடா சட்டைக்குள்ள வெச்சிருக்கற?" என்றாள் அம்மா.

"மல ஏற ஏற குளுருதல்லம்மா. இது ஆப்பிரிக்கா மீனு. குளுரு ஆவாது."

"ஆப்பிரிக்கா மீனுக்கு எங்கூட்ல என்ன வேல?"

"வேல ஒண்ணுமில்ல. அது பாட்டுக்கு நீந்தும். நீ சும்மா உக்காந்து பாக்கோணும், அவ்வளவுதான்."

அம்மா சும்மா உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை. மீனுக்கென்று கண்ணாடித் தொட்டி வந்த பிறகு உட்கார்ந்தாள். காட்டு வேலை முடித்து வந்து, கால்கூடக் கழுவாமல், தொட்டிக்கு முன்னால் காலை நீட்டிக்கொள்வாள்.

சேலத்தில் மீன் விற்ற கடைக்காரர் அதற்கு சிக்லிட் என்று பெயர் சொன்னாராம். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'சிக்கிலி' ஆகிவிட்டது. எங்கள் ஊற்றுத் தண்ணீர் குடிக்க அவ்வளவு ருசி, ஆனால் சிக்கிலிக்கு ஆகாது, உப்புச்சத்து பத்தாது என்று அண்ணன் தொட்டிக்குள் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் போட்டான். குளிருக்கு மேலே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான். கல்லை அடுக்கிப் பொந்து பொந்தாகக் கட்டினான். உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைத்தான். எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மீனுக்குத்தான் முதலில் வீடு கட்டினான்.

தடவைக்கு ஒன்றிரண்டாக அவன் வாங்கி வந்து சேர்ந்த கூட்டத்தில் ஒரு பெரிய நீல மீன் இருந்தது. கறுப்புக் கோடு போட்டு, பார்க்கவே மீசை வைத்த மாதிரி இருக்கும். நடுவில் இருந்த பெரிய கல் அதனுடையது. அந்தப் பக்கம் யார் வாலை ஆட்டினாலும் பாய்ந்து விரட்டும். அண்ணன் அதற்கு ரேஞ்சர் என்று பேர் வைத்தான். "நம்ம காட்டுக்குள்ள ஒரு சுள்ளி பொறுக்க உடறாங்களா? அதே கொணம்" என்றான். இன்னொன்று வெளுத்த மஞ்சள் நிறத்தில், எப்பப் பார்த்தாலும் பானைக்குள்ளேயே ஒண்டிக்கொண்டிருக்கும். அதன் பேர் பதுங்கி. எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் பதுங்கி எட்டிப் பார்ப்பாள். அதனால் அண்ணன் இரையை இரண்டு பக்கமும் போடுவான். ரேஞ்சர் இந்தப் பக்கம் அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் பதுங்கி இரண்டு வாய் தின்றுகொள்வாள்.

புது மீன் விடுகிற நாளில் உள்ளே இருக்கிற கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குவான். "எடம் மாறிப் போச்சுன்னா ரேஞ்சருக்கு எது தன்னோட எல்லைன்னு தெரியாது. கொஞ்ச நாளைக்கு எல்லாரும் ஒண்ணு" என்பான். மீன் அதிகமாக இருக்கிறதே, ஒன்றிரண்டு போதாதா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டு இருந்தா ஒண்ணு செத்துப்போயிரும் கண்ணு. நெறைய இருந்தாத்தான் ஆளுக்கு ஒரு கடியோட போவும்" என்றான்.

அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போதும் அண்ணன் லாரியில்தான் வந்தான். ஓட்டிக்கொண்டு வரவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

காரியம் முடிகிறவரைக்கும் வீடு நிறைய ஆட்கள். ஒருவர் அழுது ஓய்ந்தால் இன்னொருவர் ஆரம்பிப்பார். காரியம் முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அம்மாவும் நானும் மட்டும்தான். அண்ணன் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூட்டம் இருந்தபோது ஆளுக்கு ஒரு கடி. இப்போது மொத்தமும் எங்கள் இரண்டு பேருக்கு.

அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். காலையில் ஒரு வரக்காப்பி, சாயந்திரம் ஒரு வரக்காப்பி. சோறு போட்டு வைத்தால் காய்ந்து போகும். ஊட்டிவிட்டால் வாயிலேயே வைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவாள். கன்னம் ஒட்டிப்போய், எழுந்தால் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரே வருஷத்தில் இரண்டு பேரை அனுப்பிவிட்டு நான் மட்டும் அந்த வீட்டில் என்ன செய்வேன்?

அந்தச் சமயம் பார்த்துத்தான் பதுங்கியும் தின்பதை நிறுத்தினாள். இரை போட்டால் திரும்பிக்கொள்வாள். தொண்டை புடைத்துத் தொங்கியது. எதையோ மெல்லுகிற மாதிரி வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"அழுகையில வாயி கோணுது பாரு அதுக்கு."

"மீனு எங்கியாச்சும் அழுவுமாம்மா?"

"அவங் கையில தின்ன வாயில்லாத சீவன். அதுக்கே எறங்கல. பெத்தவ எனக்கு எறங்குமா?" என்றாள். அப்புறம் சத்தியம் பண்ணுகிற மாதிரி தொட்டிமேல் கையை வைத்தாள். "இது என்னிக்குத் திங்குதோ அன்னிக்கு நானும் திங்கறேன். அதுவரைக்கும் என்னயத் தொந்தரவு பண்ணாத."

இப்போது பாருங்கள், அம்மாவைச் சாப்பிட வைக்க வேண்டும் என்றால் முதலில் மீனைச் சாப்பிட வைக்க வேண்டும். (அம்மாவையாவது கெஞ்சலாம். மீனை எப்படிக் கெஞ்சுவது? கெஞ்சியும் பார்த்தேன்.)

கடலைப் புண்ணாக்கு போட்டேன். அவித்த முட்டை மஞ்சள்கரு போட்டேன். கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டேன். ரேஞ்சர் எல்லாவற்றையும் தின்று எருமைக்கன்று மாதிரி ஆனான். தண்ணீர் களி கரைத்த மாதிரி ஆனது. பதுங்கி மட்டும் பானைக்குள்ளேயே இருந்தாள். சரி, ரேஞ்சருக்குப் பயந்துதான் தின்னவில்லை என்று முடிவு பண்ணி, அவனைப் பிடித்து வாசலில் குளிக்கிற சிமெண்டுத் தொட்டியில் விட்டேன்.

அன்றைக்குத்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, அக்காவைப் பார்க்கக் கீழேயிருந்து வந்திருந்தார். வந்ததும் குளிக்கப் போனார். நான் சொல்ல மறந்துவிட்டேன். சொம்பை விட்டு மொண்டு தலையில் ஊற்றியவர் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்றது.

"ஏனுங் கண்ணு! ஊருத் தண்ணி கடிக்குது கண்ணு!"

ரேஞ்சர் மாமாவின் தோளிலிருந்து வழுக்கி, இடுப்பில் துண்டோடு துண்டாகத் துள்ளிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பொறுக்கிக்கொண்டு கண்ணாடித் தொட்டிக்கே திரும்ப ஓடினேன். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அம்மா பக்கம் திரும்பினேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

துண்டை மாற்றிக்கொண்டு வந்த மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பதுங்கியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொண்ட வீங்கிருக்குது. எரை எறங்கல. சும்மாவே மெல்லுது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கண்ணு, இது தொக்கம்."

"மீனுக்குமாங்க மாமா?"

"தொண்டைன்னு ஒண்ணு இருந்தா தொக்கமும் இருக்கும். பாவாயக்காகிட்டக் கொண்டு போலாம்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வேறு எதுவும் கையில் இல்லாதபோது எது சொன்னாலும் சரி என்றுதான் படும்.

தொக்கம் எடுக்கிற பாவாயக்கா மலையடிவாரத்தில் இருந்தார். பெரிய தூக்குப்போசியில் தொட்டித் தண்ணீரை நிரப்பிப் பதுங்கியை விட்டேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். கிளம்பும்போது அம்மா எழுந்து வந்தாள். துக்கம் நடந்த நாளிலிருந்து வாசல் தாண்டாதவள்.

"நீ ஆட்டிக் கொன்னுபோடுவ. குடு இப்புடி" என்று போசியை வாங்கி, முந்தானையால் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அண்ணன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கும்.

செம்மேட்டிலிருந்து இறங்குகிற பஸ். வளைவுக்கு வளைவு தண்ணீர் தளும்பி அம்மாவின் சேலை நனைந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, கொழம்பு ஒழுவுதுங்களா?"

"கொழம்பில்லீங்க. மீனுங்க" என்றேன்.

"மீன் கொழம்புங்களா?"

"உசுரோட இருக்குற மீனுங்க."

"வாங்கிட்டு வர்றவங்க கீழயிருந்துதான மேல வருவாங்க? நீங்க என்னம்மா மேலயிருந்து கீழ கொண்டுபோறீங்க?"

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ்ஸே கேட்கிற மாதிரி சொன்னார்: "தொக்கம் எடுக்கக் கொண்டு போறோமுங்க."

பஸ் ஒரு வளைவு தாண்டியது. அப்புறம் பின்சீட்டில் ஆரம்பித்த சிரிப்பு டிரைவர் வரைக்கும் போனது. "டிக்கெட்டு அரையா முழுசா?" என்று ஒருவர் கேட்டார். "கைப்புள்ளைக்கு டிக்கெட்டு இல்லப்பா" என்றார் இன்னொருவர். எனக்குப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அம்மா மட்டும் எதுவும் காதில் விழாதவள் மாதிரி, மூடி ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாவாயக்கா வீட்டு வாசலில் அழுகிற பிள்ளைகளும் அம்மாக்களுமாக வரிசை. எங்கள் முறை வந்தது. அவர் குனிந்தபடி விளக்கெண்ணெயைத் தொட்டுக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"பேரென்ன?"

"பதுங்கிங்க" என்றேன்.

"கொழந்தைக்கு வெக்கற பேரா இது? கடைசியா என்ன தின்னுச்சு?"

"புழுவுங்க."

பாவாயக்கா நிமிர்ந்தார். நான் மூடியைத் திறந்து காட்டினேன்.

"அட எந்திரிச்சுப் போங்க! என்னய என்னன்னு நெனச்சீங்க? ஒருக்கா ஆட்டுக்கு எடுத்தேன், அதோட நிறுத்திக்கிட்டேன். இதுக்குக் காது எங்க இருக்குது? எதுல ஊதறது நானு?"

"காது இல்லீன்னா என்னங்கக்கா, செவுள்ல ஊதுங்க" என்றார் மாமா.

"நீ ஊதுய்யா!"

வரிசையே எழுந்து வந்து எங்களைச் சுற்றி நின்றுகொண்டது. அப்போது அம்மா பேசினாள்.

"எம் பையன் வளத்ததுங்க. அவன் போயிட்டான். இது திங்காம நான் திங்க மாட்டேன்னு வாய விட்டுட்டேனுங்க."

பாவாயக்கா அம்மாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். கையிலிருந்த எண்ணெயைச் சேலையில் துடைத்தார். பிள்ளைகள் துப்புவதற்கு வைத்திருந்த வெண்கலக் கிண்ணத்தைக் கழுவி, போசித் தண்ணீரையே கொஞ்சம் அதில் ஊற்றிக்கொண்டார். கையை நனைத்துக்கொண்டு பதுங்கியை மெதுவாகப் பிடித்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு (பயம்தான்) விரல் நுனியால் தொண்டையை ஒரே ஒரு தடவை நீவினார்.

பதுங்கி வாயைத் திறந்தாள்.

உள்ளிருந்து ஒன்று விழுந்தது. அடுத்தது விழுந்தது. அப்புறம் கொத்தாக விழுந்தது.

பாவாயக்கா கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டன.

"ஐயோ சாமீ! தொக்கத்துக்குக் கண்ணு இருக்குதே!"

பதுங்கியைப் போசிக்குள் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் ஓடினார். கிண்ணத்தில் கடுகளவு கடுகளவாகக் கண்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் ஒரு சின்ன வால். எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன.

"குஞ்சுங்க!" என்று மாமா குதித்தார். "எல்லாக் குஞ்சையும் முழுங்கிப்போட்டுச் செரிக்காம நின்னிருக்குது! நாஞ் சொன்னேனல்ல, தொக்கம்னு!"

என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கிண்ணத்தை அப்படியே போசிக்குள் கவிழ்த்துவிட்டேன். குஞ்சுகள் சிதறின. அப்புறம் ஒன்று சேர்ந்து பதுங்கியின் முகத்துக்கு நேராகப் போய் முட்டின. பதுங்கி வாயைத் திறந்தாள். நாலைந்து குஞ்சுகள் உள்ளே போய்விட்டன.

"தின்னுருச்சு!" மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, மீனு தின்னுருச்சுக்கா! சொன்ன சொல்லு! இப்ப நீயி திங்கோணும்!"

பெற்ற குஞ்சையே தின்கிற மீனைக் காட்டியா அம்மாவைச் சாப்பிடச் சொல்வது? மூடியைப் போடப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். போசிக்குள் தலையே போகிற மாதிரி குனிந்து பார்த்தாள். மற்ற குஞ்சுகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. தானாகவே போயின. பதுங்கி துரத்தவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"திங்கலடா" என்றாள் அம்மா. "உள்ள வெச்சுக்கறா."

"வாயில புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எப்படிச் சாமி திம்பா? அதான் தின்னல அவ." அப்புறம் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். "எனக்கு வாயில என்ன இருக்குது?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மகள் என்ன சொல்லியிருப்பாள்? 'நான் இருக்கேம்மா' என்று கட்டிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமாக அந்தப் பதிலை மனசுக்குள் விதவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"பல்லுத்தாம்மா இருக்குது" என்றேன்.

மாமா என் தலையில் தட்டக் கையை ஓங்கினார். அம்மா என்னைப் பார்த்தாள். துக்கம் நடந்ததிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் உதடு கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் வந்தது சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமினாள். வாசலில் நின்ற பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கதவிடுக்கிலிருந்து பாவாயக்கா, "அது போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

போகவில்லை என்று சொன்னதும் அவர் வெளியே வர மறுத்துவிட்டார். ஆனால் ஒரு வட்டில் சோறும் ரசமும் கதவு வழியாக வந்தது. "மீனுக்கில்லீங்க. அந்தம்மாளுக்கு" என்றார் உள்ளேயிருந்து.

அம்மா வட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வாயை ரொம்ப நேரம் மென்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. (அப்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "ரசத்துல உப்பு கம்மியாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை மட்டும் ஞாபகத்திலிருந்து எடுத்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.)

அப்புறம் ஒருநாள் சேலத்துக் கடைக்குப் போய்க் கேட்டேன். சிக்கிலியில் இந்த ஜாதி வாய்க்குள்தான் முட்டையை வைத்து அடைகாக்குமாம். குஞ்சு தேறுகிறவரைக்கும் இரை எடுக்காதாம். தொக்கம் எடுத்த கதையைச் சொன்னேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எப்படி இருக்கிறார், ஆளையே காணோமே என்று அவர் கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் தெரியாது என்று எனக்கு உறைத்தது. சொன்னேன்.

குஞ்சுகளில் பாதி பிழைக்கவில்லை. போசியும் பஸ்ஸும் அவற்றுக்கு ஆகவில்லை. மிச்சத்தை ரேஞ்சரிடமிருந்து காப்பாற்ற, அம்மாவே முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கினாள். அண்ணன் அடுக்கியதைக் கலைக்கக் கூடாது என்று அதுவரைக்கும் என்னைத் தொடக்கூட விடாதவள்.

பாவாயக்காவுக்கு அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. கண்ணுள்ள தொக்கம் எடுத்தவர் என்று மலைமேல் எடப்புளி நாடு வரைக்கும் பேர். மீன் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை என்று கேள்வி.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு கேள்விதான். யாராவது சோறு வேண்டாம் என்றால் போதும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா கேட்டாள். நான் மாசமாக இருந்து மசக்கையில் படுத்துக் கிடந்தபோது என் வீட்டுக்காரரே கேட்டார். (கட்டிக்கொடுத்த அன்றைக்கே மாமா அவருக்குக் கதையைச் சொல்லிவிட்டார்.)

"வாயில குஞ்சா, பல்லா?"

வருஷா வருஷம் அண்ணனுக்குப் படையல் போடுவோம். இலையில் அவனுக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பு. கும்பிட்டு முடித்த பிறகும் யாருக்கும் முதலில் சாப்பிட உட்கார மனசு வராது. எல்லோரும் அவன் இலையையே பார்த்துக்கொண்டு நிற்போம். பின்னால் தொட்டியில் பதுங்கியின் பேரப்பிள்ளைகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும். மாமாதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பார்:

"யாரு வாயிலங்க குஞ்சு?"

அம்மா எங்கள் எல்லோரையும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். இப்போது அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை.

"எனக்குப் பல்லுத்தான்" என்று சொல்லிவிட்டு, இலைக்கு முன்னால் உட்காருவாள்.